சாயத்தொட்டியில் போட்ட உப்பு ஏன் கரைந்தும் தொலைவதில்லை: அயனிகளின் கணக்கு

திருப்பூரில் 250 கிலோ பனியன் துணிக்குக் கருநீலம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். துணியின் எடைக்கு 6 மடங்கு தண்ணீர் என்றால் 1500 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் வீதம் 90 கிலோ உப்பு. சாயம் ஏறி முடிந்து, தொட்டியை வடித்து, துணியை நாலைந்து தடவை அலசி எடுத்த பிறகு கணக்குப் பார்த்தால், சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கியிருக்கும். சோடா ஆஷின் (சோடியம் கார்பனேட்டின்) காரமும் ஓரளவு செலவாகியிருக்கும். ஆனால் உப்பு மட்டும் உள்ளே போன 90 கிலோவும் அப்படியே வடிகாலுக்கு வந்திருக்கும். சோடியத்தில் ஒரு கிராம் குறையாது, குளோரைடிலும் குறையாது.

நொய்யல் ஆற்றங்கரையில் முப்பது நாற்பது வருடமாகப் பேசப்படும் சாயக்கழிவுப் பிரச்சினையின் வேர் இந்த வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. சாயத்தின் நிறத்தைப் போக்கலாம், நாற்றத்தைப் போக்கலாம், அழுக்கைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போடலாம். உப்பிலுள்ள சோடியம் அயனியையும் குளோரைடு அயனியையும் எதுவும் செய்ய முடிவதில்லை. எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏறிய அணுதான் அயனி. அவை விழ வேண்டிய பள்ளத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்டவை. அதற்குக் கீழே அவற்றுக்குப் போக இடமில்லை. மேலே தூக்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஆற்றல் கொடுத்தாக வேண்டும். அந்தப் பள்ளம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் சாயப்பட்டறை, போர் தண்ணீர், மேட்டூரின் காஸ்டிக் சோடா, களர் பிடித்த வயல் எல்லாமே ஒரே கணக்கில் வந்து நிற்கும்.

எலக்ட்ரான் சும்மா கைமாறுவதில்லை

சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, வெளிக்கூட்டில் 1. குளோரினில் 17: 2, 8, 7. சோடியம் ஒன்றைக் கொடுத்தால் 2, 8 ஆகி நியானின் அமைப்பு வரும். குளோரின் ஒன்றை வாங்கினால் 2, 8, 8 ஆகி ஆர்கானின் அமைப்பு வரும். இருவருக்கும் எட்டு நிரம்பியது, ஆகவே இருவரும் நிலைப்படைந்தார்கள் என்று பள்ளிப் பாடம் முடிந்துவிடும். 1916-இல் கோசலும் லூயிஸும் தனித்தனியே முன்வைத்த கருத்து இது. தேர்வுக்குப் போதும். ஆனால் இதை அப்படியே நம்பினால், சோடியம் தன் எலக்ட்ரானை எப்போது தள்ளிவிடலாம் என்று காத்திருப்பது போன்ற எண்ணம் வந்துவிடும்.

உண்மைக் கணக்கு வேறு. 23 கிராம் சோடியம், அதாவது ஒரு மோல், வாயு நிலையில் தனித்தனி அணுக்களாக இருக்கிறது என்போம். அவை ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவழிக்க வேண்டும். சோடியம் எதையும் இனாமாகத் தருவதில்லை. மறுபக்கம் ஒரு மோல் குளோரின் அணுக்கள் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிவரும். வரவு 349, செலவு 496. கையிலிருந்து 147 போகிறது. ஆக, ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் வெகுதூரத்தில் தனித்தனியே இருந்தால், எட்டு நிரம்பும் என்பதற்காக எலக்ட்ரான் கைமாறாது.

நட்டத்தை ஈடுகட்டுவது அண்டை வீட்டார். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்கி வரும்போது ஈர்ப்பினால் ஆற்றல் வெளிப்படுகிறது. உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி 6 சோடியம். இந்த அடுக்கு அமையும்போது மோலுக்கு 787 கிலோஜூல் வெளிவருகிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். முழுக் கணக்கையும் போட்டுவிடலாம். திட சோடியத்தை வாயுவாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஓர் அணு எடுக்க 121, சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க 496. ஆகச் செலவு 724. குளோரின் திருப்பித் தருவது 349, படிகக்கூடு தருவது 787; ஆக வரவு 1136. மிச்சம் 412. ஆய்வகத்தில் நேரடியாக அளந்தால் கிடைப்பது 411. இதில் படிகக்கூடு ஆற்றலை மட்டும் நேரடியாக அளக்க முடியாது; மற்ற எண்களை அளந்து, இதே கணக்கிலிருந்துதான் அதைப் பெறுகிறார்கள்.

அப்படியானால் எட்டு எலக்ட்ரான் விதிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அது சொல்கிறது. சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 496 என்றால் இரண்டாவதற்கு 4562, ஒன்பது மடங்குக்கும் மேல். முதல் எலக்ட்ரான் மூன்றாவது கூட்டில் தூரத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. இரண்டாவதாகப் பிடுங்க வேண்டியது இரண்டாவது கூட்டில், அணுக்கருவுக்கு அருகில், 11 புரோட்டான்களின் பிடியில், மறைப்பு குறைவான இடத்தில் இருக்கிறது. அந்த 4562-ஐ எந்தப் படிகக்கூடும் ஈடுகட்டாது. அதனால்தான் சோடியம் எப்போதும் ஒற்றை நேர்மின் அயனி.

மக்னீசியத்துக்கு முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451, மூன்றாவது 7733. இரண்டோடு நிற்கிறது. கால்சியத்துக்கு 590, 1145, பிறகு ஒரே தாவாக 4912. அதுவும் இரண்டோடு நிற்கிறது. எண் எங்கே தாவுகிறதோ அங்கே கூடு முடிகிறது. அங்கே அயனியும் நிற்கிறது.

சேலத்து வெள்ளைக்கல்லும் ஆக்சைடு அயனியும்

எட்டு நிரம்பினாலே நிலைப்பு என்ற எண்ணம் சரியாக எங்கே உடைகிறது என்று காட்ட ஆக்சிஜனை விட நல்ல சாட்சி இல்லை. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 கிலோஜூல் வெளிவருகிறது. இரண்டாவதை ஏற்கவைக்க 740-க்கும் மேல் நாம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனிக்குள் இன்னொரு எலக்ட்ரானைத் திணிப்பது என்றால் சும்மாவா? இரட்டை எதிர்மின் ஆக்சைடு அயனிக்கு நியானின் அமைப்பு அச்சாக இருக்கிறது. ஆனாலும் வெற்றிடத்தில் தனியே விட்டால் அது ஓர் எலக்ட்ரானை உடனே உதறிவிடும்.

அதே ஆக்சைடு அயனி, மக்னீசியம் அயனிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் கதையே வேறு. இரட்டைச் சுமைக்கு இரட்டைச் சுமை, அயனிகளும் சிறியவை. படிகக்கூடு ஆற்றல் சுமார் 3800 கிலோஜூல், சாப்பாட்டு உப்பைப் போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சாப்பாட்டு உப்பு 801 டிகிரி செல்சியஸில் உருகும். மக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரிக்கு மேல் வேண்டும். சேலத்தில் வெட்டியெடுக்கும் மாக்னசைட் மக்னீசியம் கார்பனேட்தான். அதைச் சூளையில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். மிக உயர்ந்த வெப்பத்தில் நன்றாகச் சுட்டு இறுக்கியதைத்தான் எஃகு உலைகளின் உள்சுவருக்குச் செங்கல்லாக அடுக்குகிறார்கள். உருகிய எஃகு 1600 டிகிரியில் தகித்தாலும் அந்தச் செங்கல் கரையாமல் நிற்பதற்குக் காரணம் இந்த 3800.

எல்லா உலோகமும் மந்த வாயுவின் அமைப்பைப் பிடித்துத்தான் நிற்கும் என்றும் இல்லை. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தும் நிற்கும், மூன்றை இழந்தும் நிற்கும். இரண்டுமே மந்த வாயு அமைப்பு அல்ல. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தெளிவாக வரும் தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் செம்மண் நிறத்துக்கு மாறுவது இதனால்தான். நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் இரட்டைச் சுமையோடு கரைந்திருந்த இரும்பு, வெளியே வந்து ஆக்சிஜனிடம் இன்னொரு எலக்ட்ரானைக் கொடுத்து, கரையாத ஹைட்ராக்சைடாகப் படிகிறது.

தண்ணீருக்குள் இறங்கினால்

787 கிலோஜூலால் கட்டிய படிகத்தைச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் எப்படிக் கலைக்கிறது? தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின்சுமை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஐந்தாறு தண்ணீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்பிச் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடைச் சூழும்போது ஹைட்ரஜன் பக்கம் திரும்புகிறது. இந்தச் சூழலால் கிடைக்கும் நீரேற்ற ஆற்றல், படிகக்கூட்டை உடைக்கும் செலவை ஏறக்குறைய முழுதாக ஈடுகட்டிவிடும். துண்டு விழுவது மோலுக்கு 4 கிலோஜூல்தான். அயனிகள் கலைந்து திரியும் சுதந்திரம் அந்தச் சின்னப் பற்றாக்குறையைச் சரிக்கட்டிவிடுகிறது. அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் 36 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது: கரையும்போது அயனி மறுபடி அணுவாவதில்லை. படிகத்தில் குளோரைடுகள் செய்த வேலையைத் தண்ணீர் மூலக்கூறுகள் ஏற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒரு நிலைப்பிலிருந்து இன்னொரு நிலைப்புக்கு இடம் மாறுகிறது.

கொங்கு நாட்டில் போர் போட்ட வீட்டுக்கெல்லாம் ஒரு டிடிஎஸ் மீட்டர் வந்துவிட்டது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு. அந்தப் பேனா மாதிரிக் கருவி உப்பை நேரடியாக அளப்பதில்லை. இரு முனைகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, 0.5 முதல் 0.7 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். சர்க்கரை கரைத்த தண்ணீரில் அயனி இல்லாததால் சர்க்கரைக்காக முள் அசையாது. பூச்சிமருந்து கலந்திருந்தாலும் பெரும்பாலும் காட்டாது. எந்த அயனி என்றும் சொல்லாது: 800 என்று வந்தால் அது கால்சியம் பைகார்பனேட்டா, சோடியம் குளோரைடா, அதற்குள் நைட்ரேட்டோ புளோரைடோ எவ்வளவு என்பது ஆய்வகத்துக்குப் போனால்தான் தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை. புளோரைடுக்கோ 1.5 மில்லிகிராமே உச்சவரம்பு. மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. மழைக்காட்டிலிருந்து நேராகக் கோவைக்கு வரும் சிறுவாணித் தண்ணீரில் மீட்டர் மிகக் குறைவாகக் காட்டுவதற்கும், அதே மாவட்டத்தின் 800 அடி போரில் எகிறுவதற்கும், பாறையோடு தண்ணீர் எவ்வளவு காலம் பழகியது என்பது முக்கியக் காரணம்.

தொட்டிக்குள் உப்பு என்ன செய்கிறது

பருத்தி தண்ணீரில் நனைந்தால் அதன் பரப்பில் லேசான எதிர்மின்சுமை உண்டாகிறது. பருத்தியோடு வேதிவினையால் பிணையும் ரியாக்டிவ் சாயத்திலும் சல்ஃபோனேட் தொகுதிகள் இருப்பதால் அதுவும் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைப் போட்டதும் சோடியம் அயனிகள் நூலைச் சுற்றி மொய்த்து அந்தச் சுமையை மறைக்கின்றன. தண்ணீரில் சாயத்தின் கரைதிறனும் குறைகிறது. சாயம் நூலை நெருங்கி உள்ளே போகிறது. அது ஏறிய பிறகு சோடா ஆஷ் போட்டு பிஎச் 11-க்கு அருகே கொண்டுபோனால், பருத்தியிலுள்ள செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகளில் சில ஹைட்ரஜனை இழந்து எதிர்மின் அயனிகளாகின்றன. அவைதான் சாயத்தோடு வினைபுரிந்து கெட்டியாகப் பிணைகின்றன. 60 டிகிரி சாயங்கள் பெரும்பாலானவற்றில் வரிசை இதுதான்.

இங்கே கெடுவது பெரும்பாலும் வரிசையும் அளவும். உப்பை மொத்தமாக ஒரே தடவையில் கொட்டினால் சாயம் தனக்குள்ளேயே திரண்டு துணியில் திட்டுத் திட்டாக விழும். அதனால்தான் இரண்டு மூன்று தவணையாகப் போடுவார்கள். சோடா ஆஷை அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால், பரவுவதற்குள் பிணைந்துவிடும். ஷேடு ஒரே சீராக வராது. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். கருப்பு, கருநீலத்துக்கு 80-ஐத் தொடும். ஒரு டார்க் ஷேடு ஆர்டர் என்பது சுத்திகரிப்பு நிலையத்தின் பார்வையில் மூன்று லைட் ஷேடுக்குச் சமம்.

பட்டறைக்காரர்கள் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சாஃப்ட்னர் வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையைச் சுழியம் வரை இறக்கியிருப்பார்கள். ஆனால் போடுவது சுத்தம் செய்யாத கடலுப்பு. அதில் கால்சியம் 0.3 சதவீதம் இருந்தாலே, லிட்டருக்கு 60 கிராம் உப்பில் 180 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடும். கால்சியம் கார்பனேட் கணக்கில் 450 மில்லிகிராம் கடினத்தன்மை. சாஃப்ட்னர் எடுத்ததை உப்பு மூட்டை திருப்பிக் கொடுத்துவிட்டது. அடுத்து சோடா ஆஷ் விழுந்ததும் அந்தக் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து துணியில் வெள்ளைப் பொடியாக ஒட்டும். சாய அயனிகளையும் பிடித்துக் கரையாத புள்ளிகளாக்கும். துணி மங்கலாக வந்தால் சாயத்தைக் குறை சொல்வதற்கு முன் உப்பைச் சோதித்துவிடுவது நல்லது.

சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லையே

வீட்டிலும் பட்டறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் புகார் இது. குறையாது. சாஃப்ட்னரின் பிசின் மணிகளில் நிலையான எதிர்மின் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றோடு சோடியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கால்சியம் அயனிக்கு இரட்டைச் சுமை, ஆகையால் பிடி வலுவானது. ஒரு கால்சியம் உட்கார, இரண்டு சோடியம் எழுந்து போகும். 40 கிராம் கால்சியம் போன இடத்தில் 46 கிராம் சோடியம் வருகிறது. மொத்த உப்பு கூடத்தான் செய்யும், கொஞ்சம். சோப்பு நுரைக்கும், ஹீட்டரில் சுண்ணாம்பு படியாது, சுவை மட்டும் மாறாது.

பிசின் நிரம்பியதும் ஏறக்குறைய 10 சதவீத உப்புக்கரைசலை மெதுவாக ஓடவிட வேண்டும். பிடி வலுவான கால்சியத்தைச் சோடியம் தன் எண்ணிக்கையால் வெளியேற்றும். நீர்த்த கரைசல் என்றால் இந்தக் கூட்டம் போதாது, வேகமாக ஓடவிட்டால் நேரம் போதாது. இரண்டிலும் பாதி மணிகள் பழையபடியே நிற்கும். இரும்பு உள்ள தண்ணீர் வேறு தொல்லை. காற்றுப் பட்டு மூன்று சுமை இரும்பானதும் மணிகளின் மேல் துருவாகப் படிந்து வழியை அடைக்கும். அதற்கு முன்னாலேயே ஓர் இரும்பு வடிகட்டி வைக்காவிட்டால் எவ்வளவு உப்புக்கரைசல் விட்டும் பலனில்லை.

வெளியேற்ற முடியாத மிச்சம்

சாயக்கழிவு சுத்திகரிப்பில் முதல் கட்டம் பாக்டீரியா. நைட்ரேட் இருந்தால் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கி மேலே அனுப்பிவிடும். சல்ஃபேட்டையும் சில பாக்டீரியாக்கள் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதன் அடையாளம். சோடியத்தையும் குளோரைடையும் எந்தக் கிருமியும் தொடாது. தொட்டால் லாபமில்லை. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைப் படியவைத்தால் நிறம் போகும், கூடவே போட்டவற்றின் அயனிகளும் சேர்ந்து டிடிஎஸ் ஏறும்.

வேறு அயனியைச் சேர்த்து வீழ்படிவாக்கலாமே என்றால், சோடியத்தோடு கரையாத உப்பைத் தருவதற்கு எளிதில் ஒன்றும் கிடைக்காது. குளோரைடுக்கு வெள்ளி உண்டு. ஆய்வகத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போல வெண்மையாகத் திரியும், சோதனைக்கு அருமையான வழி. ஆனால் 35.5 கிராம் குளோரைடைப் பிடிக்க 108 கிராம் வெள்ளி வேண்டும். நகைக்கடை விலையில் நொய்யலைச் சுத்தம் செய்ய யாரும் துணியப் போவதில்லை.

ஆக மிஞ்சுவது, அயனியை மாற்றாமல் தண்ணீரை அதனிடமிருந்து பிரிப்பது. ஆர்.ஓ. சவ்வு அதைத்தான் செய்கிறது. லிட்டருக்கு 6000 மில்லிகிராம் உப்புள்ள கழிவிலிருந்து 85 சதவீதத் தண்ணீரை எடுத்துவிட்டால், மிச்சம் 15 சதவீதத்தில் உப்பு 40,000 மில்லிகிராமாக ஏறுகிறது, கடல் நீரை விடக் கூடுதல். அந்தச் செறிவில் சவ்வூடு பரவல் அழுத்தமே 30 பாருக்கு வந்துவிடும். பம்ப் அதற்கு மேல் தள்ளினால்தான் சொட்டாவது நகரும். அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் ஆர்.ஓ. கட்டுப்படியாகாது, எவாப்பரேட்டருக்குப் போக வேண்டும். 1000 லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஆவியாக்க சுமார் 630 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. ஒரு கட்டத்தில் எழும் ஆவியை அடுத்த கட்டத்தைச் சூடாக்கப் பயன்படுத்தும் அமைப்புகள் இதைப் பல மடங்கு குறைக்கும். ஆனாலும் செலவு செலவுதான்.

நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், அதன்பின் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறியவையே இயங்க முடிந்ததும் எல்லோரும் அறிந்த வரலாறு. அந்த மாற்றத்தில் வேதியியல் ரீதியாகச் சாமர்த்தியமான பகுதி உப்பை மறுபடி தொட்டிக்கே அனுப்பியது. சாயத்தொட்டியில் சாப்பாட்டு உப்புக்குப் பதில் சோடியம் சல்ஃபேட்டும் போடுவதுண்டு. சல்ஃபேட்டுக்கு இரட்டைச் சுமை. நானோ வடிகட்டிச் சவ்வு அதைத் தடுத்து, ஒற்றைச் சுமைக் குளோரைடை விட்டுவிடும். சோடியம் சல்ஃபேட்டுக்கு இன்னொரு வசதி: 32 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் வரை கரைவது, 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராமாகச் சரிந்துவிடும். மீதி கிளாபர் உப்பாக, அதாவது தண்ணீர் சேர்ந்த சோடியம் சல்ஃபேட்டாக, படிகமாகி விழும். சாப்பாட்டு உப்பின் கரைதிறனோ குளிரிலும் சூட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் கலந்துவிட்டால் கிடைக்கும் கலப்பு உப்பை எந்தச் சாயத்துக்கும் நம்பிப் போட முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவியும். ஒரு பட்டறை குளோரைடையும் சல்ஃபேட்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல் என்பது என் கருத்து. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது நல்லது.

மேட்டூரில் நடப்பது

அயனியை அதன் பள்ளத்திலிருந்து தூக்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்றேன். அதை வியாபாரமாகச் செய்வது காஸ்டிக் சோடாத் தொழில். மேட்டூரில் பல தலைமுறையாக நடப்பது. உப்புக்கரைசலில் 3 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், நேர்மின் முனையில் குளோரைடு தன் கூடுதல் எலக்ட்ரானை விட்டுவிட்டுக் குளோரின் வாயுவாகிறது. எதிர்மின் முனையில் சோடியம் எலக்ட்ரானை வாங்கி உலோகமாக வேண்டும் அல்லவா? ஆவதில்லை. அதைவிட எளிதாக எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள அருகிலேயே தண்ணீர் இருக்கிறது. ஹைட்ரஜன் வெளியேறி ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது; சோடியம் அயனி அயனியாகவே அதோடு சேர்ந்து காஸ்டிக் சோடா ஆகிறது. நடுவிலுள்ள சவ்வு சோடியத்தை மட்டும் கடத்திவிடும். ஒரு டன் காஸ்டிக்குக்கு 2000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது, அவ்வளவு செலவழித்தும் சோடியம் தன் நிலையை விட்டு அசையவில்லை. பழைய பாதரசக் கலங்களில் மட்டும் அது உலோகமாகி இரசக்கலவையில் கரைந்தது. பாதரசத்தின் நஞ்சு காரணமாக அவை கைவிடப்பட்டன. சோடியம் உலோகமே வேண்டுமென்றால் தண்ணீரே இல்லாமல், உப்பை உருக்கி அதில் மின்சாரம் செலுத்த வேண்டும். கால்சியம் குளோரைடு கலந்து உருகுநிலையை 600 டிகிரி அளவுக்கு இறக்கித்தான் அதைச் செய்கிறார்கள்.

வயலுக்கு வந்த சோடியம்

களிமண் துகளின் பரப்பில் எதிர்மின்சுமை உண்டு. நல்ல மண்ணில் அதைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் அயனிகள். இரட்டைச் சுமையால் பக்கத்துப் பக்கத்துத் துகள்களை நெருக்கிக் கட்டிகளாக வைத்திருக்கும். கட்டிகளுக்கு இடையே தண்ணீரும் காற்றும் போகும். சோடியம் மிகுந்த தண்ணீரை ஆண்டுக்கணக்கில் பாய்ச்சினால், சாஃப்ட்னருக்கு உப்புக்கரைசல் விட்ட அதே காரியம் வயலில் நடக்கிறது. கூட்டத்தால் கால்சியம் வெளியேறுகிறது. தண்ணீரைச் சூடிய சோடியம் பருமனானது, சுமையோ ஒன்றுதான். துகள்கள் விலகிக் கலைந்து, துளைகளை அடைத்து, மழை பெய்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆகிறது. மண் பிடித்துவைத்திருக்கும் நேர்மின் அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் அது களர், பிஎச் 8.5-க்கு மேல் போகும். சும்மா உப்பு மட்டும் கூடியிருந்தால் உவர். உவர் நிலத்தை நல்ல தண்ணீர் தேக்கி வடித்தே தேற்றலாம். களர் நிலத்தில் அதையே செய்தால் இன்னும் மோசமாகும்: உப்பு போய்ச் சோடியம் மட்டும் தங்கி, மண் முழுதாகக் கலைந்துவிடும்.

களருக்கு ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தை எழுப்பிவிட, சோடியம் சல்ஃபேட்டாகக் கரைந்து கீழே வடிகிறது. மேல் அரை அடி மண்ணில், 100 கிராமுக்கு 1 மில்லிச்சமான அளவு (23 மில்லிகிராம்) சோடியத்தை மாற்ற ஏக்கருக்குச் சுமார் முக்கால் டன் ஜிப்சம் தேவை. உண்மையில் எத்தனை மடங்கு வேண்டும் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட அளவு உதவாது. பொடியாக இருக்க வேண்டும், மேலாகக் கிளறிவிட வேண்டும், நாலைந்து நாள் தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாத வயலில் எழுந்த சோடியம் போக வழியின்றி அங்கேயே நிற்கும், தண்ணீர் வற்றியதும் பழைய இடத்துக்கே திரும்பும். பாய்ச்சுவது மறுபடியும் அதே உப்புப் போர் தண்ணீர் என்றால், ஜிப்சத்துக்குக் கொடுத்த காசு அடுத்த கோடையோடு சரி.